ராஜா காணாமற்போன புத்தகம்

அன்புள்ள மகனுக்கு,

நைனா எழுதுகிறேன். அம்மா சுகமாக இருக்கிறாள். கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் பெட்டை. என் சுகத்தை நான் எழுதவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அதைத் தெரிந்துகொள்ள உனக்கு மனசு இருந்தால் அம்மாவைக் கேட்டுக்கொள். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று சிரிக்காதே. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். நாலைந்து நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன், இது நாலாவது தாள். இதையும் கிழித்துவிடுவேன் என்று அம்மாவுக்குச் சந்தேகம். அதனால் பக்கத்திலேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். கீரை ஆய்ந்து முடித்து வெகு நேரம் ஆகிறது, ஆனால் எழுந்து போக மாட்டேன் என்கிறாள்.

பண்டிகைக்கு நீங்கள் வந்திருந்தபோது மருமகள் ஒரு சேதி சொன்னாளே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜோலார்பேட்டை ஸ்டேஷன் மாஸ்டர் உன்னைக் கூப்பிட்டு, “எத்தனை நாளைக்கு இப்படித் தண்டவாளத்தில் பாயிண்ட் மாற்றிக்கொண்டு நிற்பாய், ரயில் கார்டு பரீட்சைக்குப் பேர் கொடு” என்று சொன்னாராம். இந்த மாதக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டுமாம். அதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருந்தது தெரியுமா? நீ பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். “அதெல்லாம் எனக்கு ஆவாது. என் மண்டையில பரீட்சை ஏறாது. வேணும்னா நைனாவைக் கேளு, அவரே பத்து பேருக்கு முன்னால சொன்னவருதான்” என்று சொல்லிச் சிரித்தாய். உன் மகளும் ஒன்றும் புரியாமல் சேர்ந்து சிரித்தது. நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டேன். உன் மண்டையைப் பற்றி அன்றைக்கு நான் சொன்னது பொய். பொய் என்று தெரிந்தே சொன்னேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நேராகச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. நீ எட்டாவது முடித்துவிட்டு என்னோடு தோல் பதனிடுகிற ஷாப்பில் வந்து சேர்ந்தாய். நான் அங்கே மேஸ்திரி, உன்னை ஆவாரம்பட்டைக் கிடங்கில் கணக்குப் பார்க்க வைத்தேன். சுண்ணாம்புக் குழியில் இறங்கி என் காலெல்லாம் வெந்துபோன மாதிரி உன் கால் வேகக் கூடாது என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த பெரிய ஆசை. ஆனால் உன் எட்டாம் வகுப்பு வாத்தியாருக்கு அதைவிடப் பெரிய ஆசை. பள்ளிக்கூடம் போகாமலே வீட்டிலிருந்து படித்து மெட்ரிகுலேஷன் எழுதலாம் என்று உனக்குச் சொன்னவர் அவர்தான். திருப்பத்தூருக்கு மாற்றலாகிப் போகும்போது தன்னுடைய உலக சரித்திரப் புத்தகத்தையும் உனக்கே கொடுத்துவிட்டுப் போனார். இங்கிலீஷ் புத்தகம், செங்கல் கனம். முன் அட்டையும் முதல் சில ஏடுகளும் அப்போதே இல்லை, அதனால் உள்ளே என்னென்ன பாடம் என்ற பட்டியலும் இல்லை. “வரிசையாப் படி, ஒண்ணை முடிக்காம அடுத்ததைப் புரட்டாதே” என்று அவர் சொல்லிவிட்டுப் போனதை வேதவாக்காக வைத்துக்கொண்டாய். இங்கிலீஷுக்கும் கணக்குக்கும் ஷாப்பு கிளார்க் ஏதோ கைகொடுத்தார். சரித்திரத்துக்குத்தான் ஆள் இல்லை. ஆம்பூர் முழுக்கத் தேடினாலும் பாபிலோன் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒருத்தன் கிடைக்கவில்லை. அந்தப் புத்தகம் ஒன்றுதான் உனக்கு வாத்தியார்.

நீ படித்த விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. பதனிடுவதற்கு மூட்டை மூட்டையாகக் கடுக்காய் வந்து குவியுமே, அதில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, ஒரு ராஜாவுக்கு ஒரு கடுக்காய் என்று கிடங்குத் தரையில் அடுக்கி வைத்தாய். சுவரோரமாக இங்கிலாந்து ராஜாக்கள், எதிரே பிரான்ஸ் ராஜாக்கள், வாசற்படிக்குப் பக்கத்தில் ரோமாபுரி. ரொம்ப நாள் ஆண்டவனுக்குப் பெரிய காய், சீக்கிரம் செத்தவனுக்குச் சின்னது. சாப்பாட்டு நேரத்தில் வரிசையாகத் தொட்டுத் தொட்டு ஒப்பிப்பாய். ஆட்கள் வந்து, “இன்னா மேஸ்திரி, புள்ள கடுக்காயோட பேசுது, கொஞ்சம் பாருங்க” என்று கேலி பண்ணுவார்கள். “டேய், அது கடுக்காய் இல்லடா, சீமை ராஜாங்க. பாத்து நட, மிதிச்சிடப் போற” என்பேன். மிதித்தவன் எவனையும் நான் சும்மா விட்டதில்லை, உனக்கே தெரியும்.

அந்த வருஷம்தான் ஊரெல்லாம் கூட்டம், கதர், கள்ளுக்கடை மறியல். ஷாப்பு ஆட்கள் குடியிருக்கிற நம்ம லைனிலேயே ஒருத்தன் வீட்டில் ஏதோ துண்டுக் காகிதம் அகப்பட்டதென்று போலீஸ்காரர்கள் அவனை வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நம்ம வீட்டு வாசலில் வந்து அழுதாள், அது உனக்கு ஞாபகம் இருக்கும். மறுநாளே முதலாளி சாயபு எங்களையெல்லாம் முற்றத்தில் நிற்க வைத்துச் சொன்னார். “நம்ம தோலு பட்டாளத்து பூட்ஸுக்குப் போவுது. யார் வூட்லயாவது ராஜாவுக்கு விரோதமா ஒரு காயிதம் இருந்துச்சு, ஷாப்பை மூடிடுவாங்க. முந்நூறு பேர் பொழப்பு. உஷாரா இருங்க.” முந்நூறு பேரில் அதைக் கேட்டு ஜாஸ்தி பயந்தவன் நான்தான். வெளியில் வீராதிவீரன் மாதிரி கத்துகிறவனுக்கு உள்ளே இருக்கிற பயம் எவ்வளவு என்று அவன் பெண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை. சாயபுவின் தொழுகைக்காக ஷாப்பு லீவு. நீ ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தாய், அம்மா அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். உன் புத்தகம் பாயில் கிடந்தது, சும்மா எடுத்துப் படம் பார்த்தேன். கோட்டை, கப்பல், தாடி வைத்த கிழவர்கள் என்று புரட்டிக்கொண்டே போனவன், ஒரு படத்தில் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு மேடை. மேடைமேல் ஒருத்தன் வெட்டின தலையை மயிரைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறான். கீழே கடல் மாதிரி ஜனம், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எனக்கு அப்போது இங்கிலீஷ் தெரியாது. ஆனால் சீமைக்குப் போகிற தோல் கட்டுகளின்மேல் எழுத்து வெட்டின தகடு வைத்து மை தடவி எழுதுவோமே, அந்தப் பெரிய எழுத்துகள் மட்டும் அத்துபடி. பதனிட்ட மாட்டுத்தோலுக்குச் சீமைக்காரன் வைத்த பேர் ‘கிப்ஸ்’, அதை எத்தனை ஆயிரம் கட்டில் எழுதியிருப்பேன்! அந்தப் படத்துக்கு அடியில் பெரிய எழுத்தில்தான் பேர் போட்டிருந்தது. அதில் ஒரு வார்த்தை கே, ஐ என்று கிப்ஸ் மாதிரியே ஆரம்பித்து, என், ஜி என்று முடிந்தது. கூட்டிப் பார்த்தேன், கிங். ராஜா. எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தேன்.

ராஜாவின் தலையை ஜனங்கள் வெட்டுகிற படம், பட்டாளத்துக்குத் தோல் கொடுக்கிற ஷாப்பின் மேஸ்திரி வீட்டில். போலீஸ்காரன் வந்து இதைப் பார்த்தால், “ஐயா, இது சரித்திரம்” என்று சொன்னால் விடுவானா? உன்னைத்தான் விலங்கு போட்டுக் கூட்டிப் போவான் என்று அந்த நிமிஷமே கண்ணில் தெரிந்தது. அந்தப் படத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஈட்டியும் நெருப்புமாக இன்னும் மூன்று படம். எது பாவம், எது புண்ணியம் என்று படிக்கத் தெரியாதவன் என்ன செய்வான்? அத்தனையையும் எடுத்துவிட்டேன். தோல் ஓரம் சீவுகிற வளைவுக் கத்தியைக் கொண்டுவந்து, தையலை ஒட்டி, எட்டு ஏடு, பதினாறு பக்கம். கத்தி பட்ட அடையாளமே தெரியாமல் அறுத்தேன். ஒரு தோலில் கத்தி வெட்டு விழுந்துவிட்டால் ஆளைத் தலைகீழாகத் திட்டுகிறவன் நான், என் வேலையில் குறை இருக்குமா? சே! அந்தக் கை சுத்தத்தை நினைத்தால் இப்போது குமட்டுகிறது. எழுத்தை நெருப்பில் போட மனசு வரவில்லை. ஆட்டுத்தோல் துண்டில் சுற்றி, பட்டைக் கிடங்கின் கூரைச் சட்டத்தில் செருகி வைத்தேன். நீ உட்கார்ந்து படித்த இடத்துக்கு நேர் மேலே அது இருந்தது.

போலீஸ் வரவே இல்லை. ஒரு நாள்கூட வரவில்லை.

ஒரு மாதம் கழித்து நீ கிடங்கிலிருந்து ஓடி வந்தாய். “நைனா, பேஜாராப் போச்சு. புக்குல ஒரு ராஜா காணாமப் போய்ட்டான்.” நான் கையிலிருந்த தோலைக் கீழே போட்டேன். நீ என்னை இழுத்துக்கொண்டு போய்த் தரையைக் காட்டினாய். பிரான்ஸ் வரிசையில் கடைசியாக ஒரு கடுக்காய் தனியாக நின்றது. “இவுங்க தாத்தா அம்மையில செத்தாரு. இவரு பட்டத்துக்கு வந்தாரு. அதோட சரி. இருநூத்தி எட்டாம் பக்கத்துக்கு அப்பறம் இருநூத்தி இருபத்தஞ்சு. அங்க பாத்தா ராஜாவே இல்ல, எவனோ ஒரு பீரங்கிக்காரன் தேசத்தையே ஆள்றான். இவன் எங்கேர்ந்து வந்தான் நைனா?” என்றாய். அப்புறம் புத்தகத்தை விரித்து அந்தப் பக்கத்தின் முதல் வரியைத் தமிழில் சொன்னாய். “இதப் பாரு, பாதியில ஆரம்பிக்குது. ‘அமைதியாய் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள்’னு இருக்குது. யார் நைனா வீட்டுக்குப் போனாங்க? மேல ஆளே இல்லியே!” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “யாரோ போனாங்க, உனக்கு இன்னா? பழைய புக்கு, வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும்” என்றேன். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கையை மேலே நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஒரே பயம்தான் காரணம், ஆனால் இந்த முறை போலீஸ் பயம் இல்லை. உன் முன்னால் நான் முட்டாளாக நிற்க வேண்டுமே என்ற பயம்.

நீ விடவில்லை. “திருப்பத்தூர் போய் வாத்தியாரைக் கேட்டுட்டு வந்துடறேன், ஒரு நாள் லீவு குடு” என்று கேட்டாய். வாத்தியாரிடம் போனால், “புத்தகத்தை உள்ளே முழுசாகத்தானே கொடுத்தேன்” என்பார். அதனால், “வேலை ஜாஸ்தியா இருக்கும்போது லீவு கேக்கிறியே, நானே போய்ட்டு வர்றேன்” என்று கிளம்பினேன். நைனா தனக்காகப் போகிறார் என்று நீ ஸ்டேஷன் வரைக்கும் என் குடையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். நான் திருப்பத்தூர் போகவில்லையடா. வாணியம்பாடியில் இறங்கிவிட்டேன். பிளாட்பாரத்து பெஞ்சில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பும் வண்டியில் ஏறினேன். வீட்டுக்கு வந்து, “அந்தப் பகுதி பரீட்சைக்கு வராதாம், விட்டுட்டு மேலே படிக்கச் சொன்னாரு” என்று வாத்தியார் பேரில் ஒரு பொய். நீ உடனே நம்பினாய். அந்தக் கடைசிக் கடுக்காயைப் பிரான்ஸ் வரிசையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். “பாவம், இவரு எப்படிப் போனாருன்னே தெரியல” என்று நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

பரீட்சைக்கு வேலூருக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். சரித்திரத் தாள் அன்றைக்கு நான் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். மற்றப் பையன்கள் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்கள், நீ கடைசியாக வந்தாய். “ரெண்டு பெரிய கேள்வி நைனா. ரெண்டும் அந்தக் காணாமப் போன ராஜாவைப் பத்தி. அவரு முடிவு என்ன, ஜனங்க ஏன் எழுந்தாங்கன்னு.” “நீ இன்னா எழுதினே?” என்று கேட்டேன். நீ தயங்கித் தயங்கிச் சொன்னாய். “தாத்தா அம்மையில செத்தாரே, அதனால இவரும் அம்மையிலதான் செத்திருப்பாருன்னு எழுதிட்டேன். ஜனங்க வைத்தியருமேல கோவப்பட்டு எழுந்தாங்கன்னு எழுதினேன். தப்பா நைனா?” தெரியாததை எப்படியாவது யோசித்து, ஒரு காரணம் கண்டுபிடித்து எழுதிவிட்டு வந்திருக்கிறாய். அதற்கு எவ்வளவு மூளை வேண்டும்! மார்க் போட்டவர் அதைப் படித்துவிட்டு எப்படிச் சிரித்திருப்பாரோ. உன்னை அவர் முன்னால் கோமாளியாக்கியவன் நான்.

மற்றதெல்லாம் தேறி, சரித்திரத்தில் விழுந்தாய். முடிவு வந்த அன்று நீ கிடங்கில் உன் கடுக்காய்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாய். ஆட்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? உன் காலில் விழுந்திருக்க வேண்டும். என்ன செய்தேன்? என் குற்றம் உள்ளே குடைய, அந்தக் கோபத்தை உன்மேலேயே திருப்பினேன். “கடுக்காயை வெச்சு விளையாடினா சரித்திரம் வருமா? மண்டையில களிமண்ணு இருந்தா வாத்தியார் வந்து இன்னா பண்ணுவாரு?” என்று பத்து பேருக்கு முன்னால் கத்தி, காலால் ஓர் உதை விட்டேன். ரோமாபுரி போய் சுவரில் மோதியது. நீ எழுந்து எல்லாவற்றையும் கூடையில் வாரினாய். கொண்டுபோய் ஊறல் தொட்டியில் கொட்டினாய். எந்தத் தோலிலோ போய்ச் சேர்ந்தார்கள் உன் ராஜாக்கள் எல்லோரும். அடுத்த மாதமே ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் ஆள் எடுக்கிறார்கள் என்று போய்விட்டாய். புத்தகத்தை மட்டும் ஏனோ எடுத்துக்கொண்டு போனாய். போன வருஷம் உன் வீட்டில் அரிசிப் பானைக்கு அடியில் அதைப் பார்த்தேன், நீ அதைத் தூக்கிப் போடவில்லை என்பதில் கொஞ்சம் நிம்மதி.

நீ போன பிறகு அந்தப் பொட்டலத்தைக் கூரையிலிருந்து எடுத்தேன். எதற்காக உன் தலையில் மண்ணைப் போட்டேன், அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றிருந்தது. பெரிய எழுத்து மட்டும் தெரிந்தவனுக்குச் சின்ன எழுத்து பிடிபடவே ஒரு வருஷம் ஆயிற்று. ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை சீட்டில் எழுதிக்கொண்டு போய் கிளார்க்கைக் கேட்பேன். “மேஸ்திரி, மெட்ரிகுலேஷன் எழுதப் போறீங்களா?” என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். பதினாறு பக்கத்துக்கு எனக்கு ஏழு வருஷம். உனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும். தனியாக உட்கார்ந்து ஒரு புத்தகத்தோடு முட்டி மோதுவது எவ்வளவு பெரிய பாடு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. புரியாத ஒரு வார்த்தை வந்து நின்றால் கேட்க ஆள் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவோமே, அந்த மாதிரி நீ எத்தனை நாள் உட்கார்ந்திருப்பாய்! உனக்குப் பதில் சொல்ல ஒருத்தன் பக்கத்திலேயே இருந்தான், அவன் வாயைத் திறக்கவில்லை.

இன்றைக்கு உலக சரித்திரத்தில் எனக்குத் தெரிந்தது அந்தப் பதினாறு பக்கம்தான். ஆனால் அதை எங்கே கேட்டாலும் சொல்வேன். பிரான்ஸ் தேசத்தில் ரொட்டி கிடைக்காமல் பெண்கள் மழையில் நனைந்துகொண்டு அரண்மனைக்கு நடந்து போனார்கள். இருப்பவனுக்கு வரி இல்லை, இல்லாதவனுக்குத்தான் வரி. ராஜா வேலைக்காரன் வேஷம் போட்டுக்கொண்டு வண்டியில் ஓடிப்போகப் பார்த்தார். பணத்தில் அச்சடித்திருந்த முகத்தை வைத்து வழியில் ஓர் ஆள் அடையாளம் கண்டுபிடித்துவிட்டான். அப்புறம்தான் அந்த மேடை. இதில் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? இந்தப் புத்தகத்தை எழுதின துரை ராஜாவின் பக்கம்தான் பேசுகிறார். ஜனங்களைக் காட்டுமிராண்டிகள் என்று பக்கத்துக்குப் பக்கம் திட்டுகிறார், ராஜா செத்த இடத்தில் அவரே அழுகிறார். எந்தப் போலீஸ்காரன் படித்திருந்தாலும் பேஷ் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருப்பான். மேல்தோலைத் தடவிப் பார்த்து உள்ளே என்ன என்று சொல்கிற மேஸ்திரி என்று எனக்கு ஊரில் பேர். ஒரு படத்தைப் பார்த்து நான் போட்ட மதிப்பு இந்த லட்சணம்.

இதையெல்லாம் போன வாரம் அம்மாவிடம் சொன்னேன், பத்து வருஷத்துக்கு அப்புறம். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், தட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மூன்றாம் நாள், “அவன் தன்னை மக்குன்னு நெனைச்சிட்டே புள்ளையும் பெத்துட்டான்யா. நீ அவனுக்கு எழுது. எழுதலன்னா நான் போய்ச் சொல்றேன், ஆனா அப்பறம் இங்க திரும்பி வர மாட்டேன்” என்றாள். இந்தக் கடிதத்தை அவளே கொண்டுவருகிறாள். நீ படித்து முடிக்கிறவரைக்கும் எதிரில் உட்கார்ந்திருப்பாள். திட்ட வேண்டும் போலிருந்தால் அவளைத் திட்டாதே, எனக்கு எழுது. எவ்வளவு வேண்டுமானாலும் எழுது, நான் கிழிக்க மாட்டேன்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்று தெரியும். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உன் மகள் நாளைக்குப் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து, தெரியாத ஒன்றை உன்னிடம் கேட்டால், தெரியாது என்று சொல். தப்பு செய்திருந்தால் தப்பு என்று அன்றைக்கே சொல். அன்றைக்கே சொன்னால் ஒரு நாள் வெட்கத்தோடு போகும்.

அப்புறம், கார்டு பரீட்சைக்குப் பேர் கொடு. என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், அந்தக் கோபத்தோடேயே போய்க் கொடு. என் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்றாலும் சரி, பேர் கொடுத்துவிட்டு அதைச் சொல். இருக்கிற பக்கங்களை எல்லாம் நீ சரியாகத்தான் படித்தாய். இல்லாத பக்கத்தை எவன் படிக்க முடியும்? உன் மண்டையில் ஒரு குறையும் கிடையாது. இதை அன்றைக்கு நின்ற அந்தப் பத்து பேருக்கும் சொல்லிவிட்டேன். நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில், அதே கிடங்கில், எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னேன். இரண்டு பேர் செத்துப்போய்விட்டார்கள், அவர்களுக்குத்தான் சொல்ல முடியவில்லை.

எட்டு ஏட்டையும் இதோடு வைத்திருக்கிறேன். மெழுகு தடவின நூலும் ஊசியும் இருக்கிறது, தையல் ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொள். நீ வரச் சொன்னால் அடுத்த வெள்ளிக்கிழமை நானே வந்து தைத்துத் தருகிறேன். இந்தத் தடவை வாணியம்பாடியில் இறங்க மாட்டேன்.

அன்றைக்கு என்னை ஒரு கேள்வி கேட்டாயே, யார் நைனா வீட்டுக்குப் போனாங்க என்று. பதில் என்னிடம் இருந்த கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் இருக்கிறது. அந்தப் பீரங்கிக்காரன் பீரங்கிகளைத் தெருவைப் பார்த்துத் திருப்பிச் சுட்டான், பிறகு ‘ஜனங்கள்’ என்று என் பக்கம் முடிகிறது. ‘அமைதியாய் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள்’ என்று உன் பக்கம் ஆரம்பிக்கிறது. ஜனங்கள்தான்டா போனார்கள், என் ராசா. நீ கேட்டது நல்ல கேள்வி.

உன் நைனா